இரண்டாவது சர்வீஸ்

2021 ஜூன் மாதம். முழு ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். ஓர் இரவு கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தது. இந்தோனேசியாவின் மார்கிஸ் கிடோ இறந்துவிட்டார். தாங்கெராங்கில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர் ஆட்டத்துக்கு நடுவிலேயே சரிந்து விழுந்தாராம். வயது 36. படித்து முடித்ததும் என் கட்டைவிரல் தானாக அண்ணனின் எண்ணைத் தேடிப் போயிற்று. பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. அண்ணன் போய் அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அவர் இருந்திருந்தால் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். "கிடோ போய்ட்டான்ணே" என்றிருப்பேன். "யாரு, 2008 கிடோவா?" என்று கேட்டிருப்பார். ஆட்டக்காரர்களை அவர் ஊர் பெயரால் சொல்வதில்லை, வருஷத்தால்தான் சொல்வார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அடுத்த கேள்வி வந்திருக்கும்: "ஃபூவுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்குமா?"

எங்கள் வீட்டில் ஃபூ என்றால் ஒரே ஆள்தான். சீனாவின் ஃபூ ஹைஃபெங். குவாங்டோங் மாநிலத்தில் ஜியேயாங் என்ற ஊர்க்காரர். சுசோவைச் சேர்ந்த சாய் யுன்னுடன் சேர்ந்து உலக இரட்டையர் பட்டத்தை நான்கு முறை வென்றவர்: 2006, 2009, 2010, 2011. லண்டன் ஒலிம்பிக்கில் அதே சாய் யுன்னுடன் தங்கம். நான்கு வருஷம் கழித்து ரியோவில் வேறொருவருடன் நின்று மறுபடியும் தங்கம். ஆடவர் இரட்டையரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

மலேசியாவில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கவே கூடாது. பாரிஸில் எங்கள் ஆட்களைத் தோற்கடித்தார், லண்டனில் தோற்கடித்தார், கோலாலம்பூரில் எங்கள் வீட்டுக்கே வந்து தோற்கடித்தார். ரியோவில் செய்ததை இன்னும் செரிக்க முடியவில்லை. ஆனாலும் இந்த வயதில் உட்கார்ந்து யோசித்தால், என் வாழ்க்கையின் பதினைந்து வருஷக் கணக்கை அந்த மனிதரின் ஆட்டங்களை வைத்துத்தான் என்னால் எண்ண முடிகிறது.

*

கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டிய தோட்டம். விடியற்காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கு, எடுக்கிற திடலில் மாலை நாலு மணிக்கு மேல் பூப்பந்து. மண்தரை. ஞாயிற்றுக்கிழமை காலை சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போடுவோம். புதன்கிழமைக்குள் பாதிக் கோடு கால்களோடு போய்விடும், மீதியை எல்லாரும் மனதில் வைத்துக்கொண்டு ஆடுவோம். சண்டை வந்தால் அந்த மனக்கோட்டில்தான் வரும்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நல்ல உயரம், பால் வாளி தூக்கித் தூக்கித் திரண்ட தோள். அவர் பின்னால் நிற்பார், நான் முன்னால். இரட்டையர் ஆட்டத்தில் பின்னால் நிற்பவர் அடிப்பார், முன்னால் நிற்பவன் வலைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, திரும்பி வருவதைத் தட்டிச் சாய்ப்பான். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்த பாடம், ஒன்றுதான். "பின்னால திரும்பிப் பாக்காதே. நான் அடிக்கிறேனா இல்லையான்னு உனக்கென்ன கவலை? ரேக்கெட்டத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நில்லு." திரும்பினால் பந்து வரும் அந்த ஒரு நொடி போய்விடும். முகத்திலும் வாங்கலாம். நான் இரண்டையும் அனுபவித்திருக்கிறேன்.

அதனால் எங்கள் ஆட்டம் முழுக்க அண்ணனை நான் பார்த்ததில்லை. கேட்டுத்தான் இருக்கிறேன். மண்ணில் பாதம் தேய்கிற சத்தம், மேலே எம்புவதற்கு முன் மூக்கால் விடுகிற மூச்சு, அப்புறம் அந்த 'டப்'. சத்தத்தை வைத்தே பந்து எங்கே போகும் என்று தெரிந்துவிடும். நன்றாகப் பட்டால் சுள்ளி முறிகிற மாதிரி இருக்கும், விளிம்பில் பட்டால் தகரத்தில் தட்டுகிற மாதிரி.

அந்தக் காலத்து விதி வேறு. இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை மாதிரி கேட்கிறார்கள். சர்வீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும்தான் புள்ளி. ஆட்டம் 15 புள்ளிக்கு. இரட்டையரில் ஒரு ஜோடிக்கு இரண்டு சர்வீஸ். நான் போட்டுத் தோற்றால் பந்து எதிர்ப்பக்கம் போகாது. என் ஜோடியின் முறை இருக்கும். அவரும் தோற்ற பிறகுதான் அந்தப் பக்கம் போகும். ஆட்டத் தொடக்கத்தில் முதலில் ஆரம்பிக்கிற ஜோடிக்கு மட்டும் ஒன்றே ஒன்று. மற்ற நேரமெல்லாம் ஒருவன் கோட்டை விட்டால் இன்னொருவன் தாங்குவான்.

நான் சர்வீஸை இழந்தால், கீழே கிடக்கிற பந்தைக் குனிந்து எடுத்து, திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டுவேன். அண்ணன் வந்து வாங்கிக்கொள்வார். இறகுகளை ஒருமுறை கட்டைவிரலால் நீவி விடுவார். ஒரு வார்த்தை திட்ட மாட்டார். பந்தை வாங்கிக்கொள்கிற அந்த விதத்திலேயே 'சரி விடு, நான் பாத்துக்கிறேன்' என்பது இருக்கும்.

*

தோட்டத்துச் சாலை முனையில் மளிகைக்கடை வைத்திருந்த தவுக்கே தியோச்சு சீனர். எங்களைவிடச் சுத்தமாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார், கடன் கணக்கையும் தமிழிலேயே கேட்பார். 1982இல் ராசிஃப் சிடேக்கும் ஜலானி சிடேக்கும் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றபோது கடைக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தவர். அவர் கடைத் தொலைக்காட்சிதான் எங்களுக்கு அரங்கம். அரிசி மூட்டைகள்தான் இருக்கை.

1987இல் பெய்ஜிங்கில் உலகப் போட்டி. இரட்டையர் இறுதியில் சிடேக் சகோதரர்கள் சீனாவின் லி யோங்போ–தியான் பிங்யி ஜோடியிடம் மூன்று செட்டில் தோற்றார்கள். அந்த ஆண்டு ஐந்து பட்டத்தையும் சீனாவே அள்ளிக்கொண்டு போயிற்று. அண்ணன் அன்றைக்கு இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. அந்த லி யோங்போதான் பிறகு சீன அணியின் தலைமைப் பயிற்சியாளராகி ஃபூவின் தலைமுறையை வார்த்தெடுத்தார். அப்பா காலத்துப் பகை பிள்ளை காலத்துக்கு வருகிற மாதிரி அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

தவுக்கே ஒருமுறை சொன்ன விஷயம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. "சீனாக்காரனுக்கு இந்த ஆட்டத்தக் கத்துக் குடுத்ததே நம்ம பக்கத்து ஆளுங்கதான் தம்பி." உண்மைதான். 1954இல் இந்தோனேசியாவிலிருந்து கப்பலேறிச் சீனாவுக்குத் திரும்பிய இளைஞர்களில் வாங் வென்ஜியாவும் சென் ஃபூஷோவும் இருந்தார்கள். வாங் பிறந்தது ஜாவாவின் சோலோ நகரில். பின்னால் தாங் சியான்ஹு, ஹோ ஜியாசாங் போன்றவர்களும் அதே வழியில் போனார்கள். வாங் பயிற்சி கொடுத்த அணி 1982இல் முதல்முறை தாமஸ் கிண்ண அணிப் போட்டியில் கலந்துகொண்டு, முதல் தடவையே இந்தோனேசியாவை வீழ்த்தி அதைத் தூக்கியது. ஜியேயாங், சுவாதோவ் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க ஆட்கள் தெற்கே வந்தார்கள், தெற்கேயிருந்து ஆட்டம் வடக்கே போயிற்று.

எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். வந்த வழியே எதுவும் திரும்பிப் போகாது என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தோம்.

*

ஃபூவை நாங்கள் முதலில் கவனித்தது 2004இல். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவரும் சாய் யுன்னும் காலிறுதியோடு வெளியேறினார்கள். அதே ஆண்டு ஜகார்த்தாவில் தாமஸ் கிண்ணம் பதினான்கு வருஷத்துக்குப் பிறகு சீனாவுக்குப் போயிற்று, அந்த அணியிலும் இந்த இரண்டு பேரும் இருந்தார்கள். அண்ணன் கண்ணில் அப்போதே பட்டுவிட்டது. "அந்தப் பின்னால நிக்கிறவனப் பாரு. அவன் குதிக்கிறதுக்கு முன்னாலயே முன்னால இருக்கிறவன் உக்காந்துர்றான்."

மறு வருஷம் பெய்ஜிங் சுதிர்மான் கிண்ணத்தில் ஃபூவின் ஒரு ஸ்மேஷ் மணிக்கு 332 கிலோமீட்டர் என்று பதிவாகி, உலகிலேயே வேகமானது என்று பேசப்பட்டது. பிற்பாடு எங்கள் தான் பூன் ஹியோங் சோதனைக் கூடத்தில் 421 என்று அடித்தார், அதற்கும் மேலே போனார்கள், இந்தியாவின் சாத்விக் 565 வரை போய்விட்டார். 421ஐயே அண்ணன் ஒப்புக்கொண்டதில்லை. "ரூம்ல வச்சி அடிக்கிறதும், எதிர்ல ரெண்டு பேரு முறைச்சிக்கிட்டு நிக்கும்போது அடிக்கிறதும் ஒண்ணாடா?"

அதற்குள் தோட்டம் போய்விட்டது. தொண்ணூறுகளில் மரங்களை வெட்டி நிலத்தைத் திருத்தினார்கள், லயங்களை இடித்தார்கள், தொழிற்பேட்டை வந்தது. பெரட்டுத் திடல் எந்தத் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் இருக்கிறதோ தெரியாது. அண்ணன் லோரி ஓட்டினார், நான் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். தாமான் வீட்டுக்கு மாறிய பிறகும் வாரம் இரண்டு இரவு டேவானில், அதாவது பொது மண்டபத்தில், ஆட்டம் தொடர்ந்தது.

ஆட்டத்துக்கு முந்தைய இரவு அண்ணன் அடுப்படியில் கெட்டிலைக் கொதிக்க வைப்பார். மூக்கிலிருந்து ஆவி வர ஆரம்பித்ததும் பந்துக் குழாயைத் தலைகீழாகப் பிடித்து ஆவியில் காட்டுவார். பத்து நொடி, அவ்வளவுதான். பிறகு மூடியைப் போட்டு ஓரமாக வைத்துவிடுவார். ஒரு பந்துக்குப் பதினாறு இறகு, எல்லாம் சேர்ந்து எடை ஐந்து கிராம். இறகு காய்ந்திருந்தால் இரண்டு ஸ்மேஷுக்கே முறிந்து பறக்கும். ஈரம் அதிகமானால் பந்து கனத்துத் தொங்கும். அந்தப் பத்து நொடிக் கணக்கு அவர் கையில் இருந்தது. வாத்து இறகும் தக்கையும் சேர்ந்து நனைகிற அந்த வாசனை, மழையில் நனைந்த கோழிக்கூடு மாதிரி, வீடு முழுக்கப் பரவும். அண்ணி மூக்கைப் பொத்திக்கொள்வார். இன்றைக்கு அந்த வாசனை வந்தால் நான் எந்த வேலையையும் விட்டுவிட்டு எழுந்து போவேன்.

*

2006இல் விதி மாறியது. 21 புள்ளி, யார் ஜெயித்தாலும் புள்ளி. தொலைக்காட்சிக்குத் தோதாக ஆட்டம் சுருங்க வேண்டுமாம். எல்லாரும் 21ஐப் பற்றியே பேசினார்கள். அண்ணனை உறுத்தியது வேறு. இரட்டையரில் இரண்டாவது சர்வீஸ் ஒழிந்தது. ஒருவன் தவறினால் அதோடு சரி, பந்து அந்தப் பக்கம். "அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?" என்று டேவானில் சத்தமாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஃபூவும் சாய் யுன்னும் பழைய விதியில் வளர்ந்தவர்கள். 2005 ஆல் இங்கிலாந்தை அந்த விதியில்தான் வென்றார்கள். புது விதி வந்த அதே 2006இல் மாட்ரிட்டில் இங்கிலாந்து ஜோடியை 21–9, 21–13 என்று துடைத்துவிட்டு முதல் உலகப் பட்டத்தை எடுத்தார்கள். விதி மாறினால் ஆட்டம் கெடும் என்று பந்தயம் கட்டிய அண்ணன் எனக்கு ஒரு டசன் பந்து வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மறு வருஷம் மார்ச்சில் எங்களுக்கு ஒரு நாள் வந்தது. ஆல் இங்கிலாந்து இறுதியில் கூ கியென் கியெட்டும் தான் பூன் ஹியோங்கும் ஃபூ ஜோடியை 21–15, 21–18 என்று வீழ்த்தினார்கள். மாமாக் கடையில் நாற்காலி மேல் ஏறிக் கத்தினோம். அண்ணன் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோப்பை வழங்குகிற இடத்தில் ஃபூவும் சாய் யுன்னும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "திட்டிக்க மாட்டேங்குறானுங்க பாத்தியா" என்றார் அண்ணன். எதிரியை மதிக்க ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதி. சொந்த ஊர், சொந்தக் கூட்டம். முதல் செட் 21–12 என்று ஃபூ ஜோடிக்கு. பிறகு கிடோவும் ஹெண்ட்ரா செத்தியாவானும் அடுத்த இரண்டையும் 21–11, 21–16 என்று எடுத்துக்கொண்டார்கள். கிடோ குள்ளம். பின்னாலிருந்து எம்பிக் குதித்து அடிப்பார், ஹெண்ட்ரா வலையோரம் தூங்குகிற மாதிரி நின்றுகொண்டு முடித்து வைப்பார். அன்று ஜெயித்தது இந்தோனேசியா, எங்களுக்கு அதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஆனால் அண்ணன் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்தார்.

2009 ஹைதராபாத்தைச் சொல்லாமல் இதைக் கடந்து போக முடியாது. பாதுகாப்பு பயத்தில் இங்கிலாந்து அணி ஆட்டம் தொடங்கும் முன்பே திரும்பிப் போன போட்டி அது. இறுதியில் எதிரே கொரியாவின் ஜங் ஜே-சுங், லீ யோங்-டே. ஜங் பின்னால் நின்று அடிக்கிறவர், இருபத்தொரு வயதுகூட முழுசாக ஆகாத லீ முன்னால். ஆளுக்கொரு செட். மூன்றாவது செட் இருபதைத் தாண்டியது, இருபத்தைந்தைத் தாண்டியது, கடைசியில் 28–26 என்று ஃபூ–சாய் யுன்னுக்கு. அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் ஃபூ ஏறக்குறைய ஒவ்வொரு பந்தையும் அடித்தார். சாய் யுன் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் முதுகு வலித்தது.

*

2010 மே மாதம் தாமஸ் கிண்ணம் கோலாலம்பூரில். அண்ணனும் நானும் இரவுப் பேருந்து ஏறிப் புக்கிட் ஜாலில் போய்ச் சேர்ந்தோம். அரையிறுதி, மலேசியா எதிர் சீனா. சீனாவின் லின் டான் முதல் ஒற்றையர் ஆட்டத்தை முடித்துவிட்டுப் போன பிறகு, ஃபூவும் சாய் யுன்னும் கூவுக்கும் தானுக்கும் எதிரே இறங்கினார்கள்.

தொலைக்காட்சி ஒன்றை மறைத்து வைத்திருந்தது. சத்தம். ஃபூவின் ஸ்மேஷ் தொலைக்காட்சியில் 'டப்' என்றுதான் கேட்கும். அரங்கத்தில் அது முதுகெலும்பில் கேட்டது. பத்தாயிரம் பேர் 'மலேசியா போலே' என்று கத்திக்கொண்டிருக்கும்போதும், அந்தச் சத்தம் வந்ததும் ஒரு கணம் எல்லாம் அமுங்கி, பிறகுதான் கூச்சல் திரும்பும். ஃபூவுக்கு அகலத் தொடைகள். குதிப்பதற்கு முன் இடது கையைப் பந்தை நோக்கி நீட்டி ஒரு கணம் அப்படியே நிறுத்துவார், கொடியில் துணி காயப்போடப் போகிறவர் மாதிரி. அப்புறம் உடம்பு மொத்தமும் அந்தக் கைக்குக் கீழே மடிந்துவிடும். முன்னால் சாய் யுன் முழங்கால் மடித்து, ரேக்கெட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி. பந்து அவர் தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் போகும். இமை அசையாது.

அண்ணன் என் பக்கம் சாய்ந்து காதில் சொன்னார். "தெரியுதா? நம்பிக்கைன்னா அதான்."

மலேசியா 3–0 என்று தோற்றது. கூட்டம் கலைந்து போனது. நாங்கள் வெளியில் நடைபாதையில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். தோற்ற துக்கம் இருவருக்கும் இல்லை. அது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் தவுக்கே கடைக்குப் போனோம். கடையைப் பட்டணத்துக்கு மாற்றியிருந்தார், வயதாகிவிட்டது. அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "அந்த ஃபூ எங்க தாத்தா ஊரு. ஜியேயாங்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நான் நேத்து அவனத்தான் திட்டிக்கிட்டே பாத்தேன்" என்றார். அந்த ஆகஸ்டில் பாரிஸ் உலக இறுதியில் ஃபூ ஜோடி மறுபடியும் கூ–தானை மூன்று செட்டில் தோற்கடித்தபோது, தவுக்கே கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போய்விட்டாராம்.

*

2012 லண்டன் ஒரு முடிசூட்டல். வெம்பிளி அரங்கில் அரையிறுதியில் கூ–தான், இறுதியில் டென்மார்க்கின் போ–மோகன்சன். 21–16, 21–15. ஆடவர் இரட்டையரில் சீனாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். ஐந்து தங்கத்தையும் சீனாவே எடுத்த ஒலிம்பிக் அது. ஃபூவும் சாய் யுன்னும் ஆடத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும்.

சாய் யுன் மூன்று வயது மூத்தவர். லண்டனுக்குப் பிறகு இரண்டு வருஷத்துக்குள் இருவரும் தனித்தனி ஜோடியானார்கள். ஃபூவுக்கு ஜாங் நான் என்ற இளைஞரைக் கொடுத்தார்கள். லண்டனில் சாவ் யுன்லேயுடன் கலப்பு இரட்டையர் தங்கம் வென்றவர், வலைக்குப் பக்கத்தில் மின்னல்.

அதே சமயம்தான் அண்ணன் ஜொகூருக்குப் போனார். சிங்கப்பூருக்குச் சரக்கு ஓட்டுகிற வேலை, சம்பளம் நல்லது. அங்கே ஓர் ஆட்டக் குழுவில் சேர்ந்தார். தொலைபேசியில் ஒருநாள் சொன்னார், "இங்க ஒரு பையன் இருக்கான்டா, நெட்டுல செமையா நிக்கிறான்." நல்லதுதான் என்றேன். வைத்த பிறகு அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாற்பது வயது தாண்டிய ஆளுக்கு இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் இல்லை, பொறாமை இருந்தது. சாய் யுன்னை நான் அந்த வருஷம்தான் புரிந்துகொண்டேன். அதுவரை எல்லாரையும் போல நானும் ஃபூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2016 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை. மலேசியாவில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒற்றையரில் எங்கள் லீ சோங் வெய் லின் டானை ஒலிம்பிக்கில் முதல்முறை வீழ்த்தினார். அதே நாள் இரட்டையர் இறுதி. கோ வி ஷெம், தான் வீ கியோங் எதிரே ஃபூவும் ஜாங் நானும். நாட்டுக்கு ஒலிம்பிக் தங்கமே கிடையாது, அன்றும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை. முதல் செட் எங்களுக்கு 21–16. இரண்டாவது அவர்களுக்கு 21–11. மூன்றாவதில் இருபதுக்கு மேலும் இழுத்தது. ஃபூவின் முகத்தில் வயது தெரிந்தது. ஸ்மேஷுக்கும் ஸ்மேஷுக்கும் இடையில் மூச்சு வாங்கினார். ஆனாலும் அடித்தார். 23–21.

அண்ணன் ஜொகூரிலிருந்து அழைத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார், "இது அவனோட செகண்ட் சர்வீஸ்டா." நான் கேட்டேன், "சாய் யுன் எங்கருந்து பாத்திருப்பாருண்ணே?" அண்ணன் யோசித்துவிட்டு, "எங்கருந்து பாத்தாலும் திரும்பாமத்தான் பாத்திருப்பான்" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

*

ரியோவுக்குப் பிறகு ஃபூ அதிக நாள் ஆடவில்லை. அண்ணனும்தான். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டிருந்தது. கூலிமுக்கே திரும்பி வந்தார். வாரத்துக்கு மூன்று நாள் டயலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். தொட்டால் பூனை உறுமுகிற மாதிரி அதிரும். ஆடுகிற கையை விட்டுவிட்டார்கள் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. பக்கத்துப் படுக்கைக்காரரிடம்கூட வலது கையைத் தூக்கிக் காட்டிச் சொல்வார்.

சனிக்கிழமைகளில் நான் கூடப் போவேன். கைப்பேசியை அவர் வயிற்றின் மேல் தலையணை வைத்து நிறுத்தி, ஹைதராபாத் இறுதியைப் போடுவேன். எப்போதும் அதேதான். மூன்றாவது செட் வரும்போது இயந்திரம் பாதி வேலையை முடித்திருக்கும். 28–26 தெரிந்த முடிவு. ஆனாலும் 26–26இல் மூச்சைப் பிடித்துக்கொள்வார். முடிந்ததும், "இன்னொரு தடவ போடு."

2018 மார்ச்சில் ஜங் ஜே-சுங் இறந்துபோனார். 35 வயது. செய்தியைச் சொல்லத் தயங்கினேன், அவரே பார்த்துவிட்டிருந்தார். அன்றைக்கும் அதே ஆட்டத்தைத்தான் கேட்டார். மூன்றாவது செட்டில் ஜங் எம்பி அடிக்கும்போதெல்லாம் அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. முன்னால் குனிந்து நிற்கிற லீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம்டா இந்தப் பையன்" என்றார். "பின்னால சத்தம் கேக்கும்னு நிக்கிறான்."

2019 கடைசியில் அண்ணன் போனார். 2021இல் கிடோ. 2022இல் தோக்கியோவில் ஆரோன் சியாவும் சோ வூய் யிக்கும் மலேசியாவின் முதல் உலகப் பட்டத்தை வென்ற இரவில், நான் தொலைக்காட்சியை அணைத்த பிறகும் வெகுநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். தவுக்கே கடையில் இப்போது அவர் பேரன் கைப்பேசி உறை விற்கிறான். ஃபூ ஹைஃபெங் யாரென்று கேட்டேன். தெரியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் டேவானுக்குப் போகிறேன். இப்போது ரப்பர் விரிப்பு, கண்ணைக் கூசுகிற விளக்கு, கைப்பேசியிலேயே இடத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சுண்ணாம்புக் கோடு அழியும் பிரச்சினை இல்லை. ஆள் குறைந்தால் கல்லூரிப் பையன்கள் என்னைச் சேர்த்துக்கொள்கிறார்கள். முட்டி ஒத்துழைப்பதில்லை, அதனால் இன்னமும் முன்னால்தான் நிற்கிறேன்.

போன வாரம் அப்படி ஓர் ஆட்டம். என் ஜோடி இருபது வயதுப் பையன், நல்ல தோள், பின்னாலிருந்து நன்றாக அடிக்கிறான். 18க்கு 18. நான் சர்வீஸ் போட்டேன். வலையில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தது. குனிந்து எடுத்தேன். எழுந்து, திரும்பாமல், இடது கையைப் பின்னால் நீட்டினேன்.

கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"அங்கிள்," என்றான் பையன் பின்னாலிருந்து, மெதுவாக. "சர்வீஸ் ஓவர்."

இறகை ஒருமுறை நீவிவிட்டு, பந்தை வலைக்கு அடியில் அந்தப் பக்கம் தள்ளினேன்.